மச்சான் கேட்ட திருத்தம்

அன்புள்ள அந்தோணி மச்சான்,

இந்த வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வந்திருந்தோம். கடலூர் முதுநகர் கல்லறைத் தோட்டத்தில் உனக்கு நிழல் தந்துகொண்டிருந்த பூவரசு இப்போது இல்லை. தானே புயல் அதை வேரோடு சாய்த்துவிட்டது. நல்லவேளை, உன் மேல் விழவில்லை. பக்கத்துச் சுவர்தான் போயிற்று. உன் மகள் ஸ்டெல்லா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். உன் தங்கச்சி, என் மனைவி ரோசி சாமந்தி மாலையைச் சிலுவையில் சுற்றினாள். நான் மெழுகுவத்தி அணையாமல் காற்றுக்குக் கை வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வருஷா வருஷம் அந்த வேலைதான் கொடுக்கிறார்கள்.

அப்போது உன் மனைவி ஃபிலோ அக்கா ஒன்று சொன்னார். ஏறக்குறைய ஐந்து வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம்.

"கடைசி ஒரு மாசமா இதையேதான் கேட்டுகிட்டு இருந்தாரு. 'நா புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டனா ஃபிலோ? மாப்ள பேச்சக் கேட்டிருக்கணுமோ?'ன்னு. நா என்னாத்தச் சொல்றது? எனக்குந்தான் தெரியாதே."

மாப்ள என்பது நான். என்னிடம் நீ அதைக் கேட்கவே இல்லையே, மச்சான். என்னிடம் வேறொன்று கேட்டாய். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். பத்திரிகையில் வருகிற கடிதம் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் நாலு பேருக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

ஒவ்வொரு மே மாதமும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எங்கள் பத்திரிகையோடு ஓர் இணைப்பு வரும். அடுத்து என்ன படிக்கலாம் என்பதுதான் விஷயம். சிதம்பரத்தில் செய்தியாளராக இருக்கும் நான்தான் அதில் கடலூர் மாவட்டப் பக்கத்தை நிரப்புவேன். கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. இடது பக்கம் பாடப்பிரிவு, நடுவில் மேற்படிப்பு, கடைசியில் வேலைவாய்ப்பு. கணிதம், உயிரியல் சேர்ந்த முதல் குரூப்புக்கு நேரே 'மிக அதிகம்' என்று இருக்கும். வணிகவியலுக்கு 'அதிகம்'. ஓவியம், இசை, ஆடை வடிவமைப்பு என்று கலை சார்ந்த எல்லாவற்றையும் 'தொழிற்பிரிவுகள்' என்று ஒரே வரியில் அடைத்து, நேரே 'குறைவு' என்று போட்டிருப்பேன்.

அந்தக் 'குறைவு' எங்கிருந்து வந்தது என்று நீ என்னைக் கேட்டதில்லை. போன வருஷத்து அட்டவணையிலிருந்து வந்தது. போன வருஷத்தது அதற்கு முந்தின வருஷத்திலிருந்து. பழைய பிரதியை எடுத்து, தேதிகளை மாற்றி, விண்ணப்ப விவரத்தை மாற்றி அனுப்புவது எங்கள் பழக்கம். முதன்முதலில் எழுதியதும் நானே. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "அதுல என்ன சார் இருக்கு, குறைவுன்னு போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

2006 ஜூன், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து உன் வீட்டில் மீன் குழம்பு. ஸ்டெல்லா பத்தாவதில் நானூறுக்கு மேல் வாங்கியிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளாகவே சொன்னாள்.

"மாமா, நா டிரஸ் டிசைனிங் எடுக்கப் போறேன்."

"தையல் குரூப்பா?"

"டிரஸ் டிசைனிங், மாமா."

"பேரு எதுவா இருந்தா என்னா? மார்க்கு வராத புள்ளைங்களத் தள்ளி வுடுற எடம் அது. உனக்கு என்னா தலையெழுத்து?"

ஃபிலோ அக்கா என் பக்கம். "தைக்க வேணாம்னு நா சொல்லல தம்பி. லீவுல தைக்கட்டும். படிப்பு படிப்பா இருக்கட்டும்."

நீ சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கொடுத்தாய். "நா ஐடிஐ படிச்சவன். எனக்கு என்னா தெரியும்? மாப்ள மாவட்டத்துக்கே சொல்றாரு. நம்ப வூட்டுக்கு மட்டும் தப்பாவா சொல்லப்போறாரு?"

கிண்டலா, நம்பிக்கையா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் தெரியவில்லை. எது அது, மச்சான்?

மறுநாள் உனக்குக் காலை ஷிப்ட். நான்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியை விண்ணப்பத்தைப் பார்த்தார், மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஃபார்ம தப்பா ஃபில் பண்ணிட்டியா? இந்த மார்க்குக்கு இது இல்லம்மா."

"இல்ல மிஸ், தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரைக் காட்டினார். எங்கள் பத்திரிகையின் இணைப்பு, மாவட்டப் பக்கம், நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருந்தது. 'குறைவு' என்ற சொல்லின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். "பேப்பர்லயே வந்திருக்கு, பாருங்க சார்" என்றார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. நான்தான் அது என்று அவருக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னது இதுதான்: "ஆமாங்க மேடம். சரியாத்தான் போட்டிருக்காங்க."

அவர் நல்ல எண்ணத்தோடு பழையதை அடித்துவிட்டு முதல் குரூப் என்று எழுதினார். அத்தனை மதிப்பெண் வாங்கிய பிள்ளை என்னோடு வெளியே வந்தாள். நான் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள்.

ஸ்டெல்லா உன் சட்டையை மாற்றித் தைத்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. சிப்காட்டில் ரசாயனக் கம்பெனியில் உனக்கு ஆபரேட்டர் வேலை. தொட்டியின் விளிம்பில் குனிந்து அளவு பார்த்துக் குறிக்கிற வேலை. குனியும்போதெல்லாம் நெஞ்சுப் பையிலிருந்து பேனா தொட்டிக்குள் விழும். சூப்பர்வைசரிடம் திட்டு விழும். பத்தாவது பரீட்சை விடுமுறையில் ஸ்டெல்லா உன்னை முற்றத்தில் நாலு தடவை குனிந்து நிமிரச் சொல்லியிருக்கிறாள். யூனிஃபார்ம் சட்டையின் பையைப் பிரித்து எடுத்து, இடது தோளுக்குச் சற்றுக் கீழே, கையில், சாய்வாக வைத்துத் தைத்திருக்கிறாள். பேனாவுக்கு ஒரு குறுகல், குறிப்புச் சீட்டுக்கு ஓர் அகலம், மேலே ஒரு மூடி. அதன் பிறகு பேனா விழவில்லை. உன் ஷிப்டில் மூன்று பேர் தங்கள் சட்டையையும் கொடுத்தனுப்பினார்களாம்.

ஆகஸ்டில் ஒருநாள் கலெக்டர் ஆபீஸ் வேலையாகக் கடலூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நீ இருந்தாய். கையில் பிளாஸ்டிக் பை.

"மாத்திட்டேன் மாப்ள."

"என்னாத்த?"

"குரூப்ப. இப்பத்தான் பள்ளிக்கூடத்துலேருந்து வரேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "யாரக் கேட்டு மாத்துன?"

"எம் பொண்ணக் கேட்டு. வேற யாரக் கேக்கணும்?"

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு மச்சான். நாளைக்கு அவ நடுத்தெருவுல நிப்பா. அப்ப என்னை வந்து கேக்காத."

நீ கோபப்படவில்லை. பையிலிருந்து சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, பேனாவைச் சட்டைக் கையில் இருந்த பையில் செருகி, டீக்கடை பெஞ்சின் மேல் குனிந்தாய். நிமிர்ந்தாய். மறுபடி குனிந்தாய். "வுழுதா பாரு. வுழுதா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, எதுனா தொலஞ்சுடுச்சா?"

"ஒண்ணும் தொலையல. அதத்தான் மாப்ளைக்குக் காட்டிகிட்டிருக்கேன்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே குனிந்து நிமிர்கிற வித்தையைத்தான் தலைமையாசிரியை முன்னாலும் செய்ததாக நீ சொன்னாய். அவர் முதலில் பயந்துபோய் பியூனைக் கூப்பிடப் பார்த்தாராம். பிறகு சட்டையைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டை எடுத்தாராம்.

"நீ எழுதறது மாவட்டத்துக்கே எழுதற, மாப்ள. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ரெண்டு மாசமா அவ வூட்ல பேசல. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. டீயைக் குடித்தேன்.

அப்போதுதான் கேட்டாய். "சரி, நீ எழுதுனது தப்புன்னு ஒருநா தெரிஞ்சா, திருத்தம் போடுவியா? உங்க பேப்பர்ல மூலையில சின்னதா போடுவாங்களே?"

"பேரு தப்பாப் போனா போடுவோம். ஊரு, தேதி தப்பாப் போனா போடுவோம். இதுக்கெல்லாம் போட மாட்டாங்க."

"எதுக்கெல்லாம்?"

நான் எழுந்து பஸ்ஸைப் பிடித்தேன். கிறிஸ்துமஸ் வரை உன்னோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ரோசி என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். தையல் மெஷின் மேல் பேப்பரில் வெட்டிய அச்சுகள் கிடந்தன. துணியை வெட்டும் முன் பழைய செய்தித்தாளில் முதுகு, முன்பக்கம், கை என்று வெட்டிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அதில் ஒரு கையை எடுத்துப் பார்த்தேன். என் அட்டவணை. முழங்கை வளைவில் 'மிக அதிகம்' பாதி வெட்டுப்பட்டிருந்தது. மணிக்கட்டுப் பக்கம் 'குறைவு' முழுசாக இருந்தது.

"ரோசி, ஒம் புருஷன் எழுதுனது ஒரு வேலைக்கு ஒதவியிருக்கு பாரு" என்று நீ கூடத்திலிருந்து கத்தினாய். அன்று நானும் சிரித்துவிட்டேன். அத்தோடு நம் சண்டை முடிந்தது. கேள்வி முடியவில்லை.

2008 பொங்கலுக்கு அடுத்த வாரம், ஷிப்டுக்குப் போக முதுநகரில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். பிறகு எழுந்திருக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கவனமாகச் சொல்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. நானும் ஸ்டெல்லாவும் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். உன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்றார். "லேப்ல ஒரு எடம் இருக்கும்மா. ரிசல்ட் வந்ததும் எடுத்துக்குறோம். கெமிஸ்ட்ரி இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இல்ல சார். டிரஸ் டிசைனிங்."

அவர் பேனாவை மூடி வைத்தார். விதியை மீற அவரால் முடியாது. கடைசியில் ஃபிலோ அக்காவுக்கு அலுவலகத்தில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அக்கா இன்றும் அதில்தான் இருக்கிறார். ஆனால் அந்த லேப் வேலை நிரந்தர வேலை, மச்சான். பை மாற்றித் தைத்த சட்டையோடு நீ குனிந்து நிமிர்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். முதல் குரூப்பில் இருந்திருந்தால் அது அவளுக்குக் கிடைத்திருக்கும். இதை உனக்கு மறைக்கப் போவதில்லை.

வெளியே வந்து சிதம்பரம் சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். சிப்காட் காற்றில் அந்த வாடை. அன்று நான் செய்ததை ரோசியிடம்கூடச் சொன்னதில்லை. அப்பாவைப் புதைத்து ஒரு மாதமே ஆன பிள்ளையிடம், "அன்னிக்கே சொன்னேன்ல" என்றேன்.

அவள் அழவில்லை. "சொன்னீங்க மாமா" என்றாள். ஒரு லாரி கடந்து போனது. பிறகு கேட்டாள். "அந்தப் பேப்பர்ல குறைவுன்னு போட்டீங்களே. போடறதுக்கு முன்னாடி, அந்தக் குரூப் படிச்ச யாரையாவது கேட்டீங்களா?"

முப்பது வருஷமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன் நான். சிதம்பரம் பஸ் வந்தது, ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிளஸ் டூ முடிவு வந்தபோது அவளுடைய தையல் டீச்சர்தான் அந்த வழியைக் காட்டினார். தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது புதிய விதி இல்லை. நான் அட்டவணை எழுதிய எல்லா வருஷமும் இருந்த விதிதான். என் அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தேன்.

ஆடைத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, 2010இல் சென்னைக்கு வேலைக்குப் போனாள். ஏற்றுமதிக் கம்பெனியில் அச்சு வெட்டுகிற பிரிவு. "இங்க எல்லாரும் டிகிரி மாமா. டிப்ளமோன்னா கத்தரியக்கூடக் கையில தர மாட்டேங்கறாங்க" என்று முதல் மாதம் போனில் சொன்னாள். ஆறாவது மாதம் கத்தரி கைக்கு வந்தது. நடுவில் ஒருமுறை, அம்மாவுக்குத் துணையாக உள்ளூரிலேயே இருக்கலாம் என்று நர்சிங் சேர நினைத்தாள். உயிரியல் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் உனக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷக் கடைசியில் தானே புயல். உன் வீட்டுக் கூரை ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஃபிலோ அக்கா மூன்று நாள் மாதா கோயிலில்தான் இருந்தார். ஸ்டெல்லா வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இப்போது சிதம்பரத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஓர் அறை எடுத்து இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். கீரப்பாளையத்திலிருந்து ஒரு பெண் உதவிக்கு வருகிறாள். அண்ணாமலைநகரில் மருத்துவம், விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோட்டு தைக்கிறார்கள். பள்ளி யூனிஃபார்மும் உண்டு. மே, ஜூனில் மூச்சு விட நேரமில்லை. ஆகஸ்டில் ஈ ஓட்டுகிறார்கள். வாடகை கொடுக்கிறாள், வீட்டுக்கும் கொடுக்கிறாள். பெரிதாக ஜெயித்துவிட்டாள் என்று நான் எழுதினால் அவளே வந்து சண்டை போடுவாள்.

ஒருநாள் ஒரு மாணவி வந்து, வார்டில் நோயாளி பக்கம் குனிந்தால் பேனா விழுகிறது என்றாளாம். ஸ்டெல்லா அவளை நாலு தடவை குனிந்து நிமிரச் சொல்லியிருக்கிறாள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இந்த மே மாதம் மறுபடி அட்டவணை எழுத உட்கார்ந்தேன். தொழிற்பிரிவு வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. அந்த வரியையே விட்டுவிட்டு அனுப்பினேன். மறுநாள் இணைப்பைப் பிரித்தால், 'குறைவு' அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஒரு வரி விட்டுப்போச்சு சார். நானே போன வருஷத்துலேருந்து எடுத்துப் போட்டுட்டேன்" என்றார் பக்கம் பார்க்கிற தம்பி, நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து. அவரை என்ன சொல்ல? நான் பழக்கியதுதான்.

அன்றே ஸ்டெல்லாவிடம் போய் அவளுடைய வகுப்பில் படித்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கினேன். ஆறு வருஷம் முந்தி செய்திருக்க வேண்டிய வேலை. மே முதல் அக்டோபர் வரை, வேறு செய்திக்குப் போகிற வழியிலெல்லாம் விசாரித்தேன். பதினான்கு பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவர்கள் கல்யாணமாகி எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள். ஒரு பெண் போலீஸில். "என்ன குரூப்புன்னு யாருமே கேக்கல சார், எவ்ளோ நேரத்துல ஓடுவன்னுதான் கேட்டாங்க" என்றாள். ஒருத்திக்கு இந்த வருஷம் அரசுப் பள்ளியில் பகுதிநேரத் தையல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. ஒருத்தி தபாலில் பி.காம். முடித்து நகைக்கடையில் கணக்கு பார்க்கிறாள். நாலைந்து பேர் வீட்டில் மெஷின் வைத்திருக்கிறார்கள். அதை வேலை என்று அவர்களே சொல்வதில்லை. மற்றவர்கள் குழந்தைகளோடு வீட்டில் இருக்கிறார்கள். அதே வருஷம் முதல் குரூப் படித்தவர்களில் தெரிந்த சிலரையும் விசாரித்தேன். அங்கும் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும் உண்டு. ஒரு வகுப்பை வைத்து ஒரு மாவட்டத்துக்கு முடிவு சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒருவரையும் கேட்காமல் சொன்னவன் நான் என்பதும் தெரியும்.

புவனகிரியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே பேசினாள். "என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன் சார். எனக்கு அக்கவுண்டன்சி படிக்கணும்னு ஆசை. மார்க்கு பத்தலன்னு அதுல தள்ளி வுட்டாங்க. ஸ்டெல்லா ஆசப்பட்டு வந்தா. நாங்கல்லாம் அழுதுகிட்டு வந்தோம். ரெண்டும் ஒண்ணா?"

நீ வீடு வீடாகப் போகாமலே பிடித்த விஷயம் இது என்று நினைக்கிறேன், மச்சான். பள்ளிக்கூடம் எல்லோரையும் மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தி, மிஞ்சியவர்களை அந்த அறைக்கு அனுப்பியது. பிறகு அந்த அறையில் இருப்பவர்களைப் பார்த்து நான் 'குறைவு' என்று எழுதினேன். நான் எழுதியதைச் சுவரில் ஒட்டி, பள்ளிக்கூடம் அடுத்த வருஷமும் அனுப்பியது. நீ அந்தச் சுவரைப் பார்க்காமல் உன் மகளைப் பார்த்தாய்.

கல்லறையிலிருந்து வந்த மறுநாள் ஸ்டெல்லாவின் கடைக்குப் போனேன். நீ அவள் அம்மாவிடம் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறச்சுப் பேசாம சொல்லு. அப்பா மாத்தாம இருந்திருந்தா?"

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "லேப்ல இருந்திருப்பேன். மோசமா இருந்திருக்காது மாமா. அப்பா வேல செஞ்ச எடம். அம்மாகூடவே பஸ்ல போயிட்டு வந்திருப்பேன். செல நாளு, கடையில ஆளே வராதப்ப, அத நெனச்சுப் பாப்பேன்."

"அப்ப, அப்பா செஞ்சது தப்பா?"

"அப்பா கெமிஸ்ட்ரிய எடுத்துட்டு இத குடுத்தாருன்னு நெனக்கிறீங்க. நா அப்டி நெனக்கல. அந்த ரெண்டு மாசம் வூட்ல என்னைய யாருமே எதுவும் கேக்கல. அவுருதான் ஷிப்டு முடிஞ்சு வந்து, சட்டையக் கூடக் கழட்டாம, 'ஒனக்கு என்னாம்மா வேணும்'னு கேட்டாரு. எனக்கு அது போதும் மாமா." பிறகு என் கையைப் பார்த்தாள். "சும்மாதான நிக்கறீங்க? கேள்வி கேட்டுகிட்டே அந்தக் காலர இப்டிப் புடிங்க."

பிடித்தேன்.

ஆக, நீ ஃபிலோ அக்காவிடம் கேட்டதற்குப் பதில்: கெடுக்கவில்லை. இரண்டு கதவுகள் மூடின. அதில் ஒன்று நல்ல கதவு. உன் மகள் அதை எண்ணிப் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நீ நிம்மதியாக இரு.

என்னிடம் கேட்டதற்குப் பதில் கீழே இருக்கிறது. பேரும் ஊரும் தேதியும் தவிர வேறெதற்கும் எங்களிடம் வழக்கமில்லைதான். ஆசிரியரிடம் கேட்டேன். உனக்குக் கடிதமாக எழுதினால் அதற்குள் திருத்தத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

திருத்தம்: பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன படிக்கலாம் என்ற எங்கள் இணைப்பில், கடலூர் மாவட்டப் பக்கத்தில், ஓவியம், இசை, ஆடை வடிவமைப்பு முதலிய பிரிவுகளுக்கு நேரே வேலைவாய்ப்பு 'குறைவு' என்று பல ஆண்டுகளாக வெளியாகி வந்தது. அந்தப் பிரிவுகளில் படித்த எவரையும் விசாரிக்காமல் அது எழுதப்பட்டது. தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்ற விவரமும் விடுபட்டது. தவறு எழுதியவருடையது.

வருகிற மே மாதம் அந்தக் கட்டத்தில் ஒற்றைச் சொல் இருக்காது, மச்சான். அந்தப் பதினான்கு பேர் சொன்னது இருக்கும், புவனகிரிப் பெண் சொன்னதும் சேர்த்து. யாரும் பழைய வரியை எடுத்துப் போட்டுவிடாதபடி அச்சுக்குப் போகும்வரை கடலூர் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் பிரதியை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுபோவேன். இந்தத் தடவை, எழுதியது நான்தான் என்று சொல்வேன்.

மாதம் பிறந்தால் ஸ்டெல்லாவுக்கு அச்சு வெட்டப் பழைய பேப்பர் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்தத் தாளும் அதில் போகும். வெட்டட்டும்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மகளுக்கு மாமன்.